1855: சென்னையிலிருந்து அறிவிக்கப்பட்ட ஒரு கோள்

சூரியன் அல்லாத இன்னொரு விண்மீனைச் சுற்றி ஒரு கோள் உண்டு என்று, அளவைகளைச் சான்றாக முன்வைத்து அறிவியல் இதழில் எழுதப்பட்ட மிகப் பழைய அறிவிப்புகளுள் ஒன்று சென்னையிலிருந்து சென்றது. ஆண்டு 1855. எழுதியவர் நுங்கம்பாக்கத்திலிருந்த சென்னை வானாய்வகத்தின் தலைவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். வெளியிட்டது இலண்டன் ராயல் வானியல் கழகத்தின் மாத இதழ். '70 ஒஃபியூக்கி' என்று பட்டியல்களில் குறிக்கப்படும் இரட்டை விண்மீனின் நகர்வில் ஓர் ஒழுங்கின்மை தென்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்றின் இழுப்பே அதற்குக் காரணமாக இருப்பதற்கு மிகுந்த வாய்ப்பு உண்டு. இதுவே அவருடைய வாதம்.

அந்தக் கோள் இல்லை. பின்னால் வந்தவர்கள் நூற்றைம்பது ஆண்டுக் காலம் திரும்பத் திரும்பத் தேடியும் ஜேக்கப் சொன்ன கோள் அகப்படவில்லை.

இல்லாத ஒன்றின் வரலாற்றை எதற்கு எழுத வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். வெற்றிகளின் வரலாறு பாடநூல்களிலேயே கிடைக்கிறது. திறமையும் நேர்மையும் உள்ள ஒருவர், சரியான முறையைக் கையாண்டும் எப்படித் தவறான முடிவுக்கு வந்தார், அந்தத் தவறைத் தவறென்று காட்டும் கருவி உலகுக்கு எப்போது வாய்த்தது என்பது அவ்வளவாகச் சொல்லப்படாத வரலாறு. அந்தக் கருவி பெரிய தொலைநோக்கி அன்று. இல்லாத ஒரு வானத்தைக் கணக்கில் படைத்து, அதை வைத்துத் தன் கண்ணையே சோதித்துக்கொள்ளும் பழக்கமே அது.

பரங்கிமலையும் பெரும்பாக்கமும்

சிட்லபாக்கத்தில் குடியிருக்கும் நமக்கு இக்கதையின் முதல் கோடு மிக அருகில் ஓடுகிறது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கும் அதற்குத் தெற்கே பெரும்பாக்கத்துக் குன்றுக்கும் இடையே, ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். இந்தியப் பெரும் முக்கோண அளவையின் தொடக்கம் அதுவே. நம் ஊருக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், இன்று அடுக்குமாடிகள் நெருங்கி நிற்கும் பகுதியில் அந்தச் சங்கிலி நீட்டி வைக்கப்பட்டது. வெயிலில் எஃகு எவ்வளவு நீளும் என்பதையும் வெப்பமானி வைத்துக் கணக்கிட்டுக் கழித்தார்கள். அளப்பதைவிட, அளவையில் நேரும் பிழையை அளப்பது கடினம் என்பதை லாம்டன் அறிந்திருந்தார்.

அடிக்கோடும் அதன் இரு முனைகளிலிருந்து எடுத்த கோணங்களும் தெரிந்தால், போய்ச் சேர முடியாத மலையின் தொலைவையும் சொல்லிவிடலாம். அடிக்கோட்டுக்குப் பதிலாகப் பூமியின் சுற்றுப்பாதையையே வைத்துக்கொண்டால் விண்மீனின் தொலைவும் கிடைக்கும். 1838இல் ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸல் அதைச் செய்து காட்டினார். நிலத்தை அளக்கும் கணிதமும் வானத்தை அளக்கும் கணிதமும் ஒன்றே. பம்பாய்ப் பொறியாளர் படையைச் சேர்ந்த ஜேக்கப், லாம்டன் தொடங்கிய அந்த அளவைப் பணியின் வட இந்தியப் பிரிவில்தான் தொழில் பழகினார். பிறகு பூனாவில் சொந்தச் செலவில் ஒரு சிறு வானாய்வகம் அமைத்து, இரட்டை விண்மீன்களை அளந்து பட்டியலிட்டார். சென்னைப் பொறுப்பு அவருக்கு வந்தது அதன் பின்னர்.

கணக்கும் காட்சியும்

சென்னை வானாய்வகத்தின் மூலம் 1786இல் வில்லியம் பெற்றி என்ற கம்பெனி அதிகாரி தம் வீட்டில் அமைத்த தனியார் வானாய்வகம். கம்பெனி அதை ஏற்றுக்கொண்டு 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. கருவியைத் தாங்குவதற்காக நிறுத்தப்பட்ட கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. தமிழும் தெலுங்கும் உட்படப் பல மொழிகளில் அதில் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். ஆசியாவில் கணித அறிவியலை ஆங்கிலேயர் நட்ட காலத்தை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருவோரும் அறிந்துகொள்ள வேண்டும் என்பது அதை நிறுத்தியவர்களின் எண்ணம்.

அந்த எண்ணத்துக்கு மறுமொழி, அதே வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் எழுதிய 'காலசங்கலித'த்திலேயே இருக்கிறது. புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், எழுதுகோல் இல்லாமல், தரையில் சோழிகளை வைத்தும் எடுத்தும், மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டு 1825ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை வாரன் பதிவு செய்கிறார். கிரகணத்தின் தொடக்கம் சில நிமிடங்களே பிசகியது. முடிவு சற்று அதிகமாகவே, ஒரு மணி நேரத்துக்கு நெருக்கமாகப் பிசகியது.

கணக்கும் காட்சியும் பிசகும்போது எதை நம்புவது? தமிழ்நாட்டில் இது வெறும் அறிவியல் கேள்வி அன்று. வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்று வீட்டுக்கு வீடு எழுந்த கேள்வி. சென்னை வானாய்வகத்தில் ஜேக்கப்பின் காலத்திலேயே பணியில் இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பின்னாளில் இக்கேள்விக்குத் திருக்கணிதத்தின் பக்கம் நின்று விடை சொன்னார். பஞ்சாங்கம் வானத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் திருத்தப்பட வேண்டியது பஞ்சாங்கமே. 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவரும், 1874 டிசம்பர் 9 அன்று நிகழ்ந்த வெள்ளிக் கடப்பைப் பற்றிப் பல இந்திய மொழிகளில் சிறு நூல் வெளியிட்டவரும் அவர். வெள்ளி சூரிய வட்டத்தின் குறுக்கே ஒரு கரும்புள்ளியாகக் கடக்கையில் சூரிய ஒளியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு மறைகிறது. இன்று அறியப்பட்டுள்ள புறக்கோள்களில் பெரும்பான்மை, அதே வகைக் கடப்பைத் தொலைதூர விண்மீன்களில் பார்த்துக் கண்டறியப்பட்டவை.

காட்சிக்கு ஒத்துவராத கணக்கைத் திருத்து என்பது நல்ல விதி. ஆனால் அதற்குள் ஒரு பொறி இருக்கிறது. காட்சியே பிழையாக இருந்தால் என்ன செய்வது? ஜேக்கப் அகப்பட்டுக்கொண்டது அங்கேதான்.

எழுபதாம் எண் விண்மீன்

ஒஃபியூக்கஸ் என்பது பாம்பைப் பற்றி நிற்கும் மனிதனாகக் கிரேக்கர் உருவகித்த விண்மீன் கூட்டம். அதில் எழுபதாம் எண்ணுள்ள விண்மீன் ஆகஸ்டுத் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணியளவில் சிட்லபாக்கத்தின் உச்சிவானில், சற்றே தெற்குச் சாய்வாக வந்து நிற்கும். இருண்ட கிராமத்து வானில் வெறும் கண்ணுக்கே தெரியக்கூடியது. நம் தெருவிளக்குகளின் வெளிச்சத்தில் காண்பது அரிது. தொலைவு 17 ஒளியாண்டுக்குச் சற்றுக் குறைவு. தொலைநோக்கியில் அது ஒன்றாக இராமல் இரண்டாகத் தெரிகிறது. 1779இல் வில்லியம் ஹெர்ஷல் முதலில் கவனித்தார். சூரியனைவிடச் சிறிய இரு விண்மீன்கள் ஒன்றையொன்று ஏறத்தாழ 88 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றி வருகின்றன.

இத்தகைய இரட்டையின் சுற்றுப்பாதையை எப்படிக் கண்டறிகிறார்கள்? தொலைநோக்கியின் பார்வைப் புலத்தில் சிலந்தி இழை போன்ற நுண்ணிய நூல்களை நகர்த்தி, துணை விண்மீன் முதன்மை விண்மீனிலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு இடைவெளியில் இருக்கிறது என்று அளக்கிறார்கள். இதை ஆண்டுதோறும் செய்து புள்ளிகளாகக் குறித்துக்கொண்டே போனால், அவை ஒரு நீள்வட்டத்தின் மேல் விழத் தொடங்கும். நீள்வட்டத்தின் அளவு, நசிவு, சாய்வு, சுற்றுக்காலம் ஆகியவற்றைப் புள்ளிகளுக்கு மிக நெருக்கமாகப் பொருந்தும்படி தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு நாளுக்கும் கணக்கு சொல்லும் இடத்தையும் கண்ட இடத்தையும் ஒப்பிட்டால் ஒரு மிச்சம் தேறும். மிச்சம் முன்னும் பின்னுமாகச் சிதறிக் கிடந்தால் அது அளவைப் பிழை. ஒழுங்காக ஏறி இறங்கினால், ஏதோ ஒன்று இழுக்கிறது என்று பொருள்.

'கோள்' என்ற சொல் 'கொள்' என்னும் வேரிலிருந்து வருகிறது. பற்றிக்கொள்வது என்பது அதன் கருத்து. வடமொழியின் 'கிரக'த்துக்கும் அதே பொருள்தான். மனிதர்களைப் பற்றி ஆட்டுவிப்பது என்ற நம்பிக்கையில் வந்த பெயர். ஆனால் புறக்கோள் ஆராய்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஒளியால் தன்னைக் காட்டிக்கொள்ளாத அந்தக் கோளை, தன் விண்மீனை அது பற்றி இழுக்கும் பிடியை வைத்தே அறிகிறோம்.

ஜேக்கப் தம் மிச்சங்களில் அத்தகைய பிடியைக் கண்டதாக நம்பினார். அவர் கையிலிருந்த அளவைகளின் நுண்மையை இப்படி எண்ணிப் பார்க்கலாம். ஒரு பாகையில் அறுபது கலை. ஒரு கலையில் அறுபது விகலை. நம் பஞ்சாங்கக் கணிதர்களின் சொற்களே இவை. இரண்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள நாணயத்தை நான்கு கிலோமீட்டருக்கு அப்பால், அதாவது சிட்லபாக்கம் ஏரிக்கரையிலிருந்து பல்லாவரம் ரயில் நிலையத் தொலைவில் பிடித்தால், அது காட்டும் அகலம் ஒரு விகலை. எழுபதாம் எண் இரட்டையின் இடைவெளி மிக விரியும் காலத்திலும் ஏழு விகலையை எட்டுவதில்லை. ஜேக்கப் பேசிய மிச்சமோ ஒரு விகலையின் சிறு பின்னம். காற்றின் நடுக்கமே விண்மீனின் உருவை ஓரிரு விகலை அளவுக்குக் கலைத்துவிடும்.

இன்னும் இரண்டு குறைகள் இருந்தன. 1779 முதல் 1855 வரை கழிந்த காலம் 76 ஆண்டுகள். இரட்டை விண்மீன் ஒரு முழுச் சுற்றைக்கூட முடித்திருக்கவில்லை. பாதி வரைந்த கோலத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பது போன்றது அது. அடுத்ததாக, புள்ளிகள் ஒரே கையால் அளக்கப்பட்டவை அல்ல. வெவ்வேறு நாட்டினர், வெவ்வேறு கருவிகளில், வெவ்வேறு காலங்களில் அளந்தவை. ஒவ்வொருவர் கண்ணுக்கும் தனிச் சாய்வு உண்டு. ஒருவர் சற்றுக் கூட்டியே அளப்பார், மற்றவர் சற்றுக் குறைத்தே அளப்பார். ஒருவரின் பத்தாண்டு முடிந்து மற்றவரின் பத்தாண்டு தொடங்கும்போது, மிச்சம் தானாகவே ஏறி இறங்கும்.

நெப்டியூனும் வல்கனும்

ஜேக்கப் ஏன் கோளை நினைத்தார் என்பதை அவர் காலத்தில் வைத்துப் பார்ப்பதே முறை. யுரேனஸின் நகர்வில் தேறிய மிச்சத்தைக் கொண்டு லெவெரியே கணித்த இடத்துக்கு அருகிலேயே 1846இல் நெப்டியூன் அகப்பட்டது. 1844இல் பெஸ்ஸல், சிரியஸ் விண்மீனின் தள்ளாட்டத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று காரணம் என்றார். 1862இல் அந்தத் துணை தொலைநோக்கியில் தென்பட்டது. மிச்சம் இருந்தால் அதன் பின்னால் ஒரு பொருள் இருக்கும் என்பது அந்தத் தலைமுறை கண்கூடாகக் கற்ற பாடம்.

அதே லெவெரியே 1859இல் புதனின் நகர்விலும் ஒரு மிச்சத்தைக் கண்டு, சூரியனுக்கு அருகே இன்னொரு கோள் இருக்கவேண்டும் என்றார். அதற்கு வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. பல பத்தாண்டுகள் தேடினார்கள். 1915இல் ஐன்ஸ்டீன், கோள் எதுவும் தேவையில்லை, திருத்தப்படவேண்டியது ஈர்ப்பின் விதியே என்று காட்டினார். புதனின் மிச்சம் உண்மை. அதற்குச் சொன்ன காரணம் பொய். ஜேக்கப்பின் மிச்சமோ, அதுவே பொய்.

இவ்விடத்தில் கெப்லரை நினைவுகூர வேண்டும். செவ்வாயின் சுற்றுப்பாதையை வட்டங்களால் பொருத்த முயன்றபோது அவருக்கு எட்டுக் கலை மிச்சம் தேறியது. அதைப் புறக்கணிக்க அவர் மறுத்தார், நீள்வட்டம் பிறந்தது. டைக்கோ பிராகியின் அளவை எட்டுக் கலை அளவுக்குத் தவறாது என்பது கெப்லருக்குத் தெரியும். ஆகவே, மிச்சம் எவ்வளவு என்பதைவிட, அது நம் பிழையைக் காட்டிலும் எத்தனை மடங்கு என்பதே கேள்வி. டைக்கோவின் பிழை கெப்லருக்குத் தெரிந்திருந்தது. ஹெர்ஷல் முதலான பலரின் பிழைகள் ஒன்று கூடினால் என்ன ஆகும் என்பது ஜேக்கப்புக்குத் தெரிய வழியில்லை.

விடாத நிழல்

எழுபதாம் எண்ணின் கோள் அத்துடன் மறையவில்லை. 1896இல் அமெரிக்கர் டி. ஜே. ஜே. சீ அதே இரட்டையில் கண்ணுக்குத் தெரியாத துணை இருப்பதாக மீண்டும் அறிவித்தார். 1899இல் ஃபாரஸ்ட் ரே மோல்டன், சீ சொன்ன பாதையில் மூன்றாவது பொருள் நிலைத்து நிற்கவே முடியாது என்று கணித்துக் காட்டினார். சீயின் மறுமொழி மிகக் கடுமையாக இருந்ததால், அமெரிக்காவின் முதன்மை வானியல் இதழ் அவருக்குத் தன் கதவை மூடியது. 1943இல் ராயிலும் ஹோம்பெர்க்கும் ஒளிப்படத் தகடுகளை அளந்து, மறுபடியும் ஒரு துணையை அறிவித்தார்கள். பின்னர் வந்த கூர்மையான ஆய்வுகள் அதையும் ஏற்கவில்லை.

அண்டை விண்மீன்களிலும் இதே கதை நடந்தது. பர்னார்டின் விண்மீனைப் பல்லாண்டுகள் ஒளிப்படமெடுத்த பீட்டர் வான் டி காம்ப், 1963இல் அங்கே கோள் இருப்பதாக அறிவித்தார். பத்தாண்டுகளுக்குப் பின் வேறு தொலைநோக்கியின் தகடுகளை அளந்தவர்களுக்கு எந்தத் தள்ளாட்டமும் தென்படவில்லை. காம்ப் பயன்படுத்திய தொலைநோக்கியின் வில்லையில் செய்த மாற்றங்களே விண்மீன்களை நகர்ந்ததாகக் காட்டியிருந்தன. அவர் இறுதிவரை தம் கோள்களைக் கைவிடவில்லை. 1991இல் ஆண்ட்ரூ லைன் குழுவினர் துடிவிண்மீன் ஒன்றைச் சுற்றி ஆறு மாதச் சுற்றுக்காலமுள்ள கோளை அறிவித்தார்கள். பூமியின் சொந்த நகர்வைக் கழித்ததில் நேர்ந்த நுண்பிழை அது என்று தெரிந்தபோது, 1992 ஜனவரியில் வானியலாளர் பேரவையின் முன் நின்று லைன் அதைத் திரும்பப் பெற்றார். அரங்கம் கைதட்டியது. அதே 1992இல் வோல்ஷ்சானும் ஃபிரெயிலும் வேறொரு துடிவிண்மீனைச் சுற்றும் மெய்யான கோள்களை வெளியிட்டார்கள்.

1995இல் மேயரும் கெலோஸும் 51 பெகாசி என்ற சூரியனையொத்த விண்மீனைச் சுற்றும் கோளை அறிவித்தார்கள். இடத்தை அளக்காமல் வேகத்தை அளந்தார்கள் என்பது வேறுபாடு. கோள் இழுக்கும்போது விண்மீன் நம்மை நோக்கிச் சற்று வரும், பிறகு சற்று விலகும். நிறமாலைக் கோடுகள் அதற்கேற்ப நீலத்துக்கும் சிவப்புக்குமாக அசையும். இதை ஆர வேக முறை என்பார்கள். வியாழன் நம் சூரியனை நொடிக்குப் பன்னிரண்டரை மீட்டர் வேகத்தில் அசைக்கிறது. பூமி அசைப்பது நொடிக்கு ஒன்பது சென்டிமீட்டர்தான். இன்று உறுதி செய்யப்பட்ட புறக்கோள்கள் ஆறாயிரத்தைக் கடந்துவிட்டன. குஜராத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தினர் அபு மலையிலுள்ள 'பாரஸ்' நிறமாலைமானியைக் கொண்டு 2018இல் அறிவித்த கோளும் அவற்றுள் ஒன்று.

கணக்கில் படைத்த வானம்

கண்டுபிடிப்புகள் பெருகியபோது பழைய கேள்வி இன்னும் கூர்மையாகத் திரும்பி வந்தது. அது வந்து நின்ற இடமும் தமிழ் நிலத்துக்குத் தொடர்புடையதே. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் வால்மீன் ஒன்றைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த ஜான் ரிஷோ என்ற சேசு சபைப் பாதிரியார், நமக்கு மிக அருகிலுள்ள ஆல்ஃபா செண்டாரி ஒன்றல்ல, இரட்டை என்று கண்டார். அந்த இரட்டையின் இரண்டாவது விண்மீனைச் சுற்றி, பூமியையொத்த நிறையுள்ள கோள் ஒன்று 3.24 நாளுக்கு ஒருமுறை சுற்றுவதாக 2012இல் அறிவிப்பு வந்தது. நான்காண்டுகளில் எடுத்த நானூற்றுக்கும் மேற்பட்ட அளவைகள் சான்று. விண்மீனின் அசைவு நொடிக்கு அரை மீட்டர்; தேரோட்டத்தில் தேர் நகரும் வேகம் என்று சொல்லலாம்.

2015இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த வினேஷ் ராஜ்பாலும் உடன் ஆய்ந்தோரும் ஒரு சோதனை செய்தார்கள். கோளே இல்லாத விண்மீன் ஒன்றைக் கணினியில் படைத்தார்கள். அதன் மேற்பரப்பின் கொந்தளிப்பும் கருவியின் பிழையும் மெய்யான விண்மீனில் இருப்பது போலவே சேர்க்கப்பட்டன. அதை, 2012ஆம் ஆண்டு அறிவிப்புக்கான அளவைகள் எடுக்கப்பட்ட அதே நாட்களில், அதே நேரங்களில் மட்டும் 'பார்த்தார்கள்'. பிறகு அதே முறையில் கணக்கிட்டார்கள். கோளில்லாத அந்த வானத்திலிருந்தும் 3.24 நாள் துடிப்பு எழுந்து வந்தது. துடிப்பு விண்மீனில் இல்லை. பார்த்த நாட்களின் வரிசையில் இருந்தது.

இது எப்படி நேரும் என்பதற்கு நம் ஏரியையே சான்றாகச் சொல்லலாம். ஆண்டுதோறும் டிசம்பரில் மட்டும் சிட்லபாக்கம் ஏரிக்கு வந்து போகிறவர், இது வற்றாத ஏரி என்று சத்தியம் செய்வார். மே மாதத்தில் மட்டும் வருகிறவர் வேறொன்றைச் சொல்வார். இருவரும் பொய் சொல்லவில்லை. வானத்தை நாம் எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. பகல் வருகிறது, மழைக்காலம் வருகிறது, முழுநிலவு வருகிறது, தொலைநோக்கி வேறொருவர் முறைக்குப் போகிறது. இந்த இடைவெளிகளுக்கும் ஒரு தாளம் உண்டு. அத்தாளத்தையே விண்மீனின் தாளமாக எடுத்துக்கொள்ள நேரிடும்.

இதற்கு மருந்துதான் பாவனைத் தரவு. கோள் ஒன்றின் பாதையை ஆர வேகத்தில் விவரிக்க ஆறு எண்கள் போதும்: சுற்றுக்காலம், விண்மீனை அது நெருங்கும் நாள், பாதையின் நசிவு, அது திரும்பியிருக்கும் திசை, அசைவின் அளவு, விண்மீனின் சொந்த வேகம். இவற்றைத் தெரிந்தே தேர்ந்தெடுத்து, கெப்லரின் சமன்பாட்டைக் கொண்டு ஒவ்வொரு நாளின் வேகத்தையும் கணித்து, பிழையைத் தூவி, இடைவெளிகளை வெட்டி, விடையை மறைத்து இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும். அவர் ஆறு எண்களையும் மீட்டெடுக்கிறாரா என்று பார்க்க வேண்டும். சில தாள்களில் கோளே வைக்காமல் கொடுக்க வேண்டும். அங்கும் அவர் கோளைக் கண்டுபிடித்துவிட்டால், அவருடைய பிற கண்டுபிடிப்புகளை எவ்வளவு நம்பலாம் என்பது தெரிந்துவிடும். கெப்லர் விண்கலத்தின் தரவைத் தொகுத்தவர்கள் இதையே வேறு விதமாகச் செய்தார்கள். கடப்பின்போது ஒளி குறையும். ஆகவே ஒளி வரைபடங்களைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினார்கள். கவிழ்த்த வானில் மெய்யான கடப்பு இருக்க முடியாது. அங்கே அகப்படுவதெல்லாம் மாயக் கோள்கள். அவற்றின் எண்ணிக்கையே தங்கள் பட்டியலில் எவ்வளவு பதர் கலந்திருக்கும் என்பதன் அளவுகோல்.

ஜேக்கப்பின் முறையான இட அளவைக்கும் இப்படி ஒரு தேர்வு நடந்தது. ஐரோப்பாவின் கையா விண்கலம் ஏவப்படுவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, 2008இல், அதன் தரவு எப்படியிருக்கும் என்று பாவித்துச் செய்த ஆய்வின் முடிவு வெளியாயிற்று. ஒரு சாரார் பாவனை வானத்தைப் படைத்தார்கள். மற்றொரு சாரார் விடை அறியாமல் கோள்களைத் தேடினார்கள். விண்மீனின் தள்ளாட்டம் ஒற்றை அளவையின் பிழையைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். கோளின் சுற்றுக்காலம் விண்கலத்தின் ஐந்தாண்டுப் பணிக்குள் அடங்க வேண்டும். இவ்விரண்டும் பொருந்தினால் கோளை நம்பத்தகுந்த விதத்தில் கண்டறியலாம், மாயக் கோள்கள் மிகச் சிலவே வரும் என்று தெரிந்தது. தள்ளாட்டம் அந்த எல்லையைப்போல் இரு மடங்கானால் பாதையும் நிறையும் 15 முதல் 20 விழுக்காட்டுப் பிழைக்குள் கிடைக்கும் என்றும் கண்டார்கள்.

இந்த இரண்டு நிபந்தனைகளையும் 1855இல் கொண்டுபோய் வைத்துப் பார்த்தால் ஜேக்கப்பின் நிலை தெளிவாகிறது. அவருடைய மிச்சம் பிழையைப்போல் மூன்று மடங்கு இல்லை. அவர் கையிலிருந்த அளவைகளோ, கோளின் தள்ளாட்டத்தைப் பிரித்தெடுப்பதற்கு முன் கழிக்கவேண்டிய இரட்டையின் சுற்றையே முழுமையாகத் தழுவவில்லை. அவர் சோம்பலாலோ ஆசையாலோ மட்டும் வழுவினார் என்று சொல்வதற்கில்லை. இரண்டு நிபந்தனைகள் உண்டு என்பதே அன்று எவருக்கும் தெரியாது. அவற்றை அறிய ஆயிரம் பொய் வானங்களைக் கணிக்க வேண்டும். கையால் கணிக்கும் ஒருவருக்கு ஒரு மெய் வானத்தைக் கணிக்கவே ஆயுள் போதாது.

முறை வென்றது

கையாவின் இட அளவைகளில் முதலில் ஐயுறப்பட்டு, பின்னர் ஆர வேகத்தால் உறுதியான 'கையா-4பி' என்ற கோள் 2025இல் வெளியிடப்பட்டது. வியாழனைப்போல் பன்னிரண்டு மடங்கு நிறை. சுற்றுக்காலம் 571 நாள். நுங்கம்பாக்கத்திலிருந்து அறிவிப்புச் சென்று நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, விண்மீனின் இடத்தை அளந்தே கோளைக் காணலாம் என்ற அந்த எண்ணம் இவ்வாறு பலித்தது. பர்னார்டின் விண்மீனிலும் 2024இல் மெய்யாகவே ஒரு கோள் கண்டறியப்பட்டது. அது வான் டி காம்பின் கோள் அன்று. பூமியைவிட நிறை குறைந்தது, மூன்று நாளுக்குச் சற்று மேல் சுற்றுக்காலம் உடையது. காம்ப் சொன்ன விண்மீன் சரி, சொன்ன கோள் தவறு. இத்தகைய தற்செயல்களைத் தீர்க்கதரிசனம் என்று கொண்டாடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது காம்புக்கும் மரியாதை அன்று, அறிவியலுக்கும் அன்று.

ஜேக்கப் 1859இல் உடல்நலம் குன்றிச் சென்னைப் பொறுப்பிலிருந்து விலகினார். பூனாவுக்கு அருகே மலையுச்சியில் வானாய்வகம் அமைக்கும் திட்டத்தோடு, புதிய தொலைநோக்கியுடன் 1862 ஆகஸ்டில் பம்பாய் வந்து இறங்கினார். எட்டே நாளில் பூனாவில் காலமானார், வயது 48. சென்னையின் வானாய்வுப் பணி 1899இல் கோடைக்கானலுக்குப் பெயர்ந்தது. அந்த மரபே பின்னர் காவலூர் வரை நீண்டது.

அவருடைய கட்டுரையில் நாம் மதிக்கவேண்டியது ஒன்று உண்டு. கோள் இருக்கிறது என்று அவர் எழுதவில்லை. இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு என்றே எழுதினார். அளவைகளை மறைக்காமல் வைத்தார். பின்வந்தோர் அவரை மறுக்க முடிந்ததற்குக் காரணம், மறுப்பதற்கு வேண்டியதை அவரே விட்டுச்சென்றதுதான். இன்று கெப்லர், கையா விண்கலங்களின் தரவு எவர்க்கும் இலவசமாகக் கிடைக்கிறது. சிட்லபாக்கத்தில் ஒரு மாணவர் வீட்டுக் கணினியிலேயே மிச்சங்களைக் கணக்கிட்டுத் துடிப்பைத் தேடலாம். தேடுவதற்கு முன் கோளில்லாத வானம் ஒன்றைப் படைத்து, அதில் தமக்கு என்ன அகப்படுகிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குவாரானால், ஜேக்கப்புக்குக் கிடைக்காதது அவருக்குக் கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம்.

எழுபதாம் எண் இரட்டை இதையெல்லாம் பொருட்படுத்தாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஜேக்கப் அறிவித்த ஆண்டிலிருந்து ஒரு முழுச் சுற்றை அது 1943 வாக்கில் முடித்தது. இரண்டாவது சுற்று 2030களின் தொடக்கத்தில் முடியும். அப்போது அவ்விரு விண்மீன்களும் 1855இல் நுங்கம்பாக்கத்துத் தொலைநோக்கியில் நின்ற அதே நிலையில் மறுபடி நிற்கும்.